சீர்த்தட்டில் ஒரு பாதிப் புத்தகம்

எங்கள் வீட்டு அலமாரியில் முதுகு முழுதாக உள்ள புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாவற்றின் முதுகிலும் அம்மாவின் பழைய சேலைத் துண்டு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். "அந்தக் கத்தரிப்பூச் சேலையை எடு" என்று அக்கா சொன்னால், அது ஒரு புத்தகத்தைக் குறிக்கும். விருந்தினர்கள் இதைக் கேட்டுவிட்டுத் துணி அலமாரியைத் திரும்பிப் பார்த்ததுண்டு.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் அப்பா. மேலூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறார். அலுவல் வேலையாக அவ்வப்போது மதுரைக்குப் போகும்போது, ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு அருகே நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் ஒன்றை வாங்கிக்கொண்டு வருவார். வாங்கி வருவது ஒரு புத்தகம். காத்திருப்பது நான்கு பேர். அங்கன்வாடியிலிருந்து திரும்பிய அம்மா, அக்கா, நான், அப்பா. ஒரு கோடை விடுமுறையில் நானும் அக்காவும் ஆளுக்கொரு அட்டையைப் பிடித்து இழுத்ததில் புத்தகம் தானாகவே இரண்டாகப் பிரிந்தது. அப்பா திட்டவில்லை. பிரிந்த இடத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, சவரப் பிளேடை எடுத்துவந்து, தையல் விழுந்திருந்த இடங்களில் வெட்டி அதை நான்காக்கினார். ஒவ்வொரு பாகத்துக்கும் பழைய நாட்காட்டி அட்டையை வைத்துக் கோணி ஊசியால் தைத்தார். நால்வரும் படித்து முடித்த பிறகு, மைதாப் பசையும் சேலைத் துண்டும் கொண்டு பாகங்களை மறுபடி ஒன்றாக்கினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் புத்தகம் படிப்பது என்றால் அதை வெட்டுவதில்தான் தொடங்கும்.

வரிசை உண்டு. முதலில் அப்பா, அடுத்து அம்மா, பிறகு அக்கா, கடைசியில் நான். முன்னவர் முடித்த பாகம் அடுத்தவர் கைக்கு வரும். ஒரே ஒரு சட்டமும் உண்டு: பின்னால் வருபவரிடம் கதையைச் சொல்லக் கூடாது. வரிசையின் கடைசியில் இருந்த எனக்குப் பொறுமை போதவில்லை. யாரும் தொடாமல் கிடப்பது எப்போதும் கடைசிப் பாகமாகவே இருந்ததால், நான் அதை முதலில் படித்துவிடுவேன்.

அப்படிப் படித்த முதல் புத்தகம் ஓர் எருமைக்கன்றைப் பற்றியது. கழுத்து மணியைத் தொலைத்துவிட்டு அதைத் தேடி ஊர் ஊராகப் போகும் கன்று. என் கைக்கு முதலில் வந்த கடைசிப் பாகத்தில், மணி இன்னும் சின்னதான வேறொரு கன்றின் கழுத்தில் தொங்கும். எருமைக்கன்று அதைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே திரும்பி நடக்கும். தன் மணியை ஏன் கேட்கவில்லை? அக்கா மற்ற பாகங்களை விடுவிக்கும் வரை எனக்கு அதே யோசனைதான். கன்று கடந்துவந்த ஒவ்வோர் ஊரையும் பிற்பாடு படித்தபோது, அது கேட்காமல் போனதற்கான காரணங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே வந்தன. விளைவை முன்னால் வைத்துக்கொண்டு காரணத்தைத் தேடிப் போகும் பழக்கம் அப்படித்தான் எனக்கு ஒட்டிக்கொண்டது. கல்லூரியில் பொருளியல் படிக்கையில் ஒரு திட்டத்தைப் பற்றிப் பேசினால், "இதனால் கடைசியில் யாருக்கு என்ன ஆகும்?" என்றே முதலில் கேட்பேன். தோழிகளுக்கு அது அலுப்பாக இருந்தது.

பிறகு துப்பறியும் மாத நாவல்களின் காலம் வந்தது. குற்றவாளி யார் என்று தெரிந்துகொண்டே அவற்றைப் படித்தவள் எங்கள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதனால் சுவை குறையவில்லை. மற்றவர்கள் குற்றவாளியைத் துரத்திக்கொண்டிருக்க, நான் அநியாயமாகச் சந்தேகிக்கப்படும் தோட்டக்காரருக்காகவும் சமையல்காரருக்காகவும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அக்கா எனக்கு நேரெதிர். வரிசை தப்பாமல் படிப்பாள். கடைசிப் பக்கம் தற்செயலாகக் கண்ணில் பட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"வாயத் தொறந்த, கொன்னுருவேன்டி" என்பாள்.

"நான் ஒண்ணுமே சொல்லலையே."

"ஒம் மூஞ்சி சொல்லுது. அங்கிட்டுத் திரும்பி ஒக்காரு."

கல்லூரிக்குப் போன பிறகு நூலகத்தில்தான் முதன்முதலாக ஒரு பெரிய நாவலை முழுதாகக் கையில் ஏந்தினேன். அதன் கனமே புதிதாக இருந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் மூன்று தலைமுறைப் பெண்களின் கதை. முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தில் முடிக்க ஒருவழியாகக் கற்றுக்கொண்டேன். வெயிலில் வெடித்த உள்ளங்காலைப் பற்றி அதில் வரும் ஓர் அத்தியாயத்தைப் படித்த நாளில் விடுதியில் என்னால் சாப்பிட முடியவில்லை. ஆனாலும் ஏதோ குறைந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அடுத்த பாகத்துக்காக என் கையையே பார்த்துக்கொண்டிருக்க யாரும் இல்லை.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம், அக்காவின் திருமணத்துக்குப் பிறகு எங்கள் கைக்கு வந்த கண்மாய் நாவல். பழைய பதிப்பு, கடைக்காரரிடம் இருந்ததே அந்த ஒரு பிரதிதான். கண்மாய்ப் பாசனத்தை நம்பி வாழும் ஒரு கிராமம், சொந்த நிலம் இல்லாத கூலிக் குடும்பங்கள், அவர்களில் ஒருத்தி. என் அப்பாவின் பெற்றோர் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அப்படிப்பட்டவர்கள் கதையின் ஓரத்தில் கும்பிட்டு நிற்பதை நான் படித்திருக்கிறேன். நடுவில் நின்று, வாய் ஓயாமல் பேசி, தப்பும் செய்து, சிரித்துக்கொண்டு வாழ்வதை முதல்முறையாக அந்த நாவலில்தான் படித்தேன். வழக்கம்போல் கடைசிப் பாகத்தில் தொடங்கினேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அக்காவைக் கொடுத்திருந்தது மதுரை வண்டியூரில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில். மச்சான் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். அக்காவின் மாமியார், அதாவது எனக்கு அத்தை, வீட்டு முன்னறையிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். உழைப்பாளி, நல்ல மனசு, குரல் மட்டும் கிரைண்டரை மிஞ்சும். தலைதீபாவளிக்கு வந்த அக்காவிடம் புது வீடு எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டபோது, அவள் குறையாக எதையும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த வீட்ல ஒரு புத்தகம் கெடையாதுடி. சும்மா ஏதாச்சும் எடுத்து வச்சுப் படிச்சேன்னு வையி, 'என்னத்தா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா'ன்னு அத்தை கேக்குறாக. ரெண்டு தடவ சுக்குக் காப்பி போட்டுக் குடுத்துட்டாக."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாழ்நாள் முழுவதும் படித்து வந்தவள், படிப்பதை ஒரு நோயைப் போல மறைத்துக்கொள்ளப் பழகிவிட்டால் பிறகு என்ன ஆகும்? முதலில் நேரம் இல்லை என்பாள். அடுத்து ஆசை இல்லை என்பாள். ஒருநாள் தன் பிள்ளையிடம், "கல்யாணத்துக்கு முன்னாடி நெறையாப் படிப்பேன்" என்பாள். அப்படி எத்தனையோ பெண்கள் சொல்ல எங்கள் தெருவிலேயே கேட்டிருக்கிறேன்.

ஆகவே, கல்யாணம் ஆனாலும் அக்கா வரிசையில் இருந்து விலகக் கூடாது என்று வீட்டில் பேசி முடிவெடுத்தோம். கண்மாய் நாவலின் முதல் பாகத்தை அவள் தீபாவளிக்கே எடுத்துப் போனாள். எப்படியோ சமையலறையில் வைத்துப் படித்து மச்சானிடம் கொடுத்தனுப்பினாள். அதை நான் படித்தேன். அம்மா மூன்றாம் பாகத்துக்குப் போயிருந்தார். இரண்டாம் பாகம் அக்காவுக்குப் போக வேண்டும். அந்தச் சமயத்தில்தான் பொங்கல் வந்தது.

தலைப்பொங்கலுக்குச் சீர் கொண்டுபோவது வழக்கம். பித்தளைப் பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, பெண்ணுக்கும் மாமியாருக்கும் சேலை. அம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வெற்றிலைக்குப் பக்கத்தில் இரண்டாம் பாகத்தையும் இயல்பாக வைத்தார். எங்கள் கண்ணுக்கு அது புத்தகம்தான். அதில் ஏதோ குறை இருப்பதாக எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வண்டியூரில் அவர்கள் சொந்தக்காரர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அத்தை ஒவ்வொரு தட்டாகப் பார்த்து வாங்கிக்கொண்டே வந்தார். சேலையைத் தடவிப் பார்த்து, "கலரு நல்லாருக்கு மதினி" என்றார். அடுத்து நாட்காட்டி அட்டை போட்ட கட்டைக் கையில் எடுத்தார். திறந்தார். முதல் பக்கம் ஒரு வாக்கியத்தின் நடுவில் தொடங்கியது. கடைசியில் திருப்பினார். அதுவும் பாதி வாக்கியத்தில் நின்றது.

"இது என்ன மதினி?"

"புத்தகம், மதினி. பெரியவளுக்கு."

"தலையும் இல்ல, வாலும் இல்ல. வெட்டுன தடம் தெரியுது. கிழிஞ்சதப் போயி சீர்த்தட்டுல வைப்பாகளா?"

அம்மா அவசரமாகக் கையை ஆட்டினார். "கிழியல மதினி. நாங்கதான் வெட்டுவோம். எங்க வீட்ல அப்படித்தான்" என்றார். அதைவிட மோசமான பதில் ஒன்று இருந்திருக்க முடியாது.

"ஒங்க வீட்ல எல்லாத்தையும் பாதி பாதியாத்தான் குடுப்பீகளோ?" என்றார் அத்தை. கூடத்தில் சிலர் சிரித்தார்கள். மூலையிலிருந்து ஒரு பெரியவர், "பானை முழுசா இருக்கான்னு பாத்துக்க தாயி" என்று எடுத்துக்கொடுத்தார். சிரிப்பு பலத்தது. அக்கா கரும்பின் சோகையை உரித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். அத்தை அந்தப் பாகத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் மேலே, மாவு அளக்கும் படிக்குப் பின்னால் வைத்தார். "இது இங்கனயே கெடக்கட்டும். பொறகு பேசிக்குவோம்" என்றார்.

மாட்டுத்தாவணியில் மேலூர்ப் பேருந்து ஏறினோம். ஒத்தக்கடை தாண்டிய பிறகு அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "இனிமே வெட்ட வேணாம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா, சில பக்கங்களே மிச்சமிருந்த மூன்றாம் பாகத்தை அலமாரியில் வைத்துவிட்டார். அதைத் தொடவே இல்லை.

நான் வழிகளை எடைபோட்டுப் பார்த்தேன். நேரில் போய் மன்னிப்புக் கேட்கலாம்; அதனால் அடங்கிப்போன விஷயம் மறுபடி கூடத்துக்கு வரும். புதுப் பிரதி வாங்கிக் கொடுக்கலாம். அந்தப் புத்தகம் எங்கும் கிடைக்கவில்லை. அப்படியே விட்டுவிடலாம், விட்டால், அந்த வீட்டில் புத்தகம் என்றாலே அக்காவுக்கு ஒரு தலைகுனிவு நினைவுக்கு வரும். தொலைபேசியில் பேசும்போது, "இன்னும் மேலதான் இருக்கு. நான் கேக்கல" என்றாள் அக்கா. அதன் பிறகு அவள் பேச்சில் புத்தகமே வரவில்லை. நான் பயந்தது நடக்கத் தொடங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

அப்படியிருக்க, ஒரு மதியம் அம்மாவின் கைப்பேசி ஒலித்தது. "மதினி, நாளைக்கு வாரேன். எல்லாரும் வீட்ல இருங்க" என்று சொல்லிவிட்டு அத்தை வைத்துவிட்டார். காரணம் சொல்லவில்லை. அம்மா வீட்டுத் திரைச்சீலைகளை எல்லாம் துவைத்துப் போட்டார். அப்பா விடுப்பு எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் அத்தை அக்காவோடு வந்து இறங்கினார். ஒரு கையில் மாவுத் தூக்குவாளி, மறு கையில் மஞ்சள் பை. நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். பையிலிருந்து நாட்காட்டி அட்டை போட்ட அந்தப் பாகத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதுக்குப் பொறகு என்ன?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"என்ன பாக்குறீக? பழைய பேப்பர்க்காரன் வந்தான். போட்டுவிடலாம்னுதான் எடுத்தேன். போடுற பொருளு என்னன்னு ஒரு பக்கம் பாத்தேன். பேப்பர்க்காரன் கத்திப் பாத்துட்டுப் போயிட்டான். அந்தப் புள்ள கண்மாய் மடையச் சாத்திட்டு மேல ஏறி ஒக்காந்துருக்கா. கீழ ஊரே திரண்டு நிக்கிது. ஒருத்தன் வெட்டரிவாளோட ஏறுறான். அம்புட்டுதான்! அதோட வெட்டி வச்சிருக்கீக. மனுசி நிம்மதியா இருக்க வேணாமா? ரெண்டு நாளா மாவுக்கு உப்புப் போட மறந்து, வாங்குன சனமெல்லாம் வாசல்ல வந்து நிக்கிது. தெறந்தாளா, இல்லையா?"

அப்பா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். "அது மூணாம் பாகத்துல வரும் தங்கச்சி" என்றார்.

"அது எங்க?"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா தயங்கினார். "எங்கிட்டத்தான் இருக்கு. ஆனா நான் இன்னும் முடிக்கல. முடிச்சாத்தான் அடுத்தவகளுக்குக் குடுக்கணும்னு ஒரு இது."

"எம்புட்டு இருக்கு?"

"கொஞ்சந்தான்."

"படிங்க. ஒக்காந்திருக்கேன். ஒண்ணும் அவசரமில்ல, மெதுவாப் படிங்க" என்றார் அத்தை. அம்மா வேறு வழியில்லாமல் அலமாரியிலிருந்து பாகத்தை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விருந்தாளி முன்னால் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். ஒரு பக்கம் புரண்டது. "ஆச்சா?" என்றார் அத்தை. இன்னொரு பக்கம் புரண்டது. "ஆச்சா மதினி?" அம்மாவின் உதடு ஓரத்தில் சிரிப்பு துடித்தது. பொங்கலுக்குப் பிறகு அம்மா சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

காத்திருக்க முடியாமல் அத்தை என் பக்கம் திரும்பினார். "ஏத்தா சின்னவளே, நீ முடிவ முன்னாடியே படிச்சிருவியாம்ல. ஒங்கக்கா சொன்னா. எங் காதுல மட்டும் சொல்லிரு."

உண்மையில் நான் யோசித்தேன். ஒரு வார்த்தை சொன்னால் அவர் மனம் குளிரும். அக்காவின் வீட்டில் எல்லாம் சரியாகும். ஆனால் சொல்லிவிட்டால் மூன்றாம் பாகத்தை அவர் வாங்கிப் போக வேண்டியதில்லை. அவர் எடுத்துப் போகாவிட்டால் அந்த வீட்டுக்குள் இன்னொரு புத்தகம் நுழைவது எப்படி?

"சொல்ல மாட்டேன் அத்தை. சட்டம் இருக்கு."

"அடி ஆத்தி! சம்பந்தி வீட்டுக்கு வந்தவளுக்குச் சட்டம் பேசுறாளே!" என்று அவர் தொடையில் அடித்துச் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியது. "எங்கம்மாவும் மடைக்குக் கீழதான் நின்னா. தண்ணி வருமா வருமான்னு. மேல ஏறி ஒக்காரலாம்னு யாருக்கும் தோணுனதில்ல" என்றார்.

அம்மா கடைசிப் பக்கத்தை முடித்தார். முகத்தில் எதையும் காட்டாமல் பாகத்தை மூடி அத்தையிடம் நீட்டினார். அப்போது, அதுவரை சுவரோரமாக நின்றிருந்த அக்கா வந்து குறுக்கே கையை வைத்தாள்.

"அத்தை, இப்ப என் முறை."

கல்யாணமான நாளிலிருந்து அக்கா தன் மாமியாரிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் எத்தனை படி அரிசி ஊறப்போட வேண்டும் என்ற வகையைச் சேர்ந்தவை. "அம்மாவுக்கு அப்புறம் நான். எனக்கு வரவேண்டிய ரெண்டாம் பாகத்தவே நான் இன்னும் படிக்கல. நீங்கதான் நடுவுல வந்து படிச்சுட்டீங்க" என்றாள். சொன்ன பிறகு அவளே பயந்துவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்டி, பிரிட்ஜு மேலதான கெடந்துச்சு. எடுத்துப் படிச்சா நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்?"

"சுக்குக் காப்பி குடுப்பீங்க."

அப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு அத்தை சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, மேசையிலிருந்த இரண்டாம் பாகத்தை எடுத்து அக்கா கையில் திணித்தார். "போ, சட்டுன்னு படி. நான் மூணாம் பாகத்தோட ஒனக்கு முன்னாடி போறேன். வயசுக்கு ஒரு மரியாத வேணாமா?"

அன்று மாலை அவர்கள் ஊர் திரும்பும் வரை எங்கள் வீடு ஒரு நூலகம் போல இருந்தது. அத்தை நாற்காலியில், அக்கா சமையலறை வாசற்படியில். உப்புச் சரியாகப் போட்ட மாவில் அம்மா தோசை வார்த்தார். நான் இரண்டாம் பாகத்துக்காக அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து பேர் கொண்ட வரிசையிலும் கடைசி ஆள் நான்தான். அந்த இடம் அன்று பிடித்ததுபோல எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

மடையை அவள் திறந்தாளா என்பதை இங்கே எழுத மாட்டேன். இதைப் படிப்பவர் யாராவது வரிசையில் காத்திருக்கலாம்.

அப்புறம் அப்பா மறுபடி வெட்டத் தொடங்கினார்; அந்த வீட்டுக்குப் புத்தகங்கள் போய்வரத் தொடங்கின. மாவு விற்றுத் தீர்ந்த மதிய வேளைகளில் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பாகத்தோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டு, மச்சான் தன் மதியச் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டதாக அக்கா சொன்னாள். அத்தைக்கு அழுகைக் கதைகள் பிடிக்காது. மனிதர்கள் சண்டை போட வேண்டும். அக்காவுக்கு நீண்ட, நிதானமான நாவல்கள். இதைப் பற்றி இருவரும் நாள்தோறும் வாதிடுகிறார்கள்.

இந்த ஆண்டுப் பொங்கல் சீருக்கு அம்மா ஒரு முடிவெடுத்தார். போன முறை பட்டதை மறக்கவில்லை. புத்தகக் கடைக்கே போய், முதுகு பளபளக்கும் புத்தம்புதிய நாவல் ஒன்றை வாங்கினார். மஞ்சள் குங்குமம் வைத்துத் தட்டின் நடுவில் அடுக்கினார். வண்டியூர்க் கூடத்தில் அதே சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை புத்தகத்தை எடுத்தார். முன்னால் திறந்தார், பின்னால் திருப்பினார். முகம் சுருங்கியது.

"என்ன மதினி, முழுசா வச்சிருக்கீக?"

"சீர்த்தட்டுல வைக்கிறது, முழுசா இருக்கட்டும்னுதான்" என்றார் அம்மா.

"மொத்தத்தையும் இன்னைக்கே குடுத்துட்டா, அடுத்த மாசம் நீங்க எதுக்கு இங்க வருவீக? நான் எதுக்கு மேலூருக்கு வருவேன்?"

அப்பா சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் மடித்த பிளேடை எடுத்தார்.

"அஞ்சா வெட்டுங்கண்ணே" என்றார் அத்தை. "மொதப் பாகம் எனக்கு."

"அத்தை, வரிசை இருக்கு" என்றாள் அக்கா, பானைக்குப் பின்னாலிருந்து.